மயிரிழை அளவு மேலே

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் காது, அண்ணியின் முழங்கால் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. போன வாரம் போனில் நான் கத்த, நீங்கள் "என்ன? என்ன?" என்று கத்த, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ குடும்பச் சண்டை என்று கதவைத் தட்டிவிட்டார். நமக்குப் பழையபடி காகிதம்தான் சரி.

சந்தோஷமான சேதி. என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! நாங்கள் "அடுப்பு" என்று கூப்பிடுகிற கோளைப் பற்றியது. வியாழனைவிடப் பெரிய வாயு உருண்டை. தன் சூரியனை ஒட்டிக்கொண்டு ஒன்றரை நாளில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அது தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது, கோளின் காற்று விளிம்பு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசிந்து விண்வெளித் தொலைநோக்கிக்கு வந்து சேர்கிறது. அதை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, எந்த நிறம் குறைகிறதோ அதை வைத்து அங்கே என்ன வாயு என்று சொல்கிறோம். வெளிச்சம் குறைகிற இடம் வரைபடத்தில் மேடாக வரும். என் வரைபடத்தின் வலது பாதியில் அப்படி ஒரு மேடு வந்தது. கல் ஆவி, அண்ணா! கல்லும் மணலும் வெந்து ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கின்றன. அப்பேர்ப்பட்ட சூடு.

எங்கள் அறையில் "நிதானம்" என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஒரு கணக்கை ஏழு தடவை போட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். அதே தரவை அவர் தனியாக அலசியதில் மேடே வரவில்லை, சப்பென்று ஒரு கோடு. கூட்டத்தில் பேராசிரியர், "உங்க கோளுக்கு யாரோ இஸ்திரி போட்டுட்டாங்க போலிருக்கே" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வரைபடத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணியிடமும் காட்டுங்கள்.

அன்புடன்,
வாலு

&nbsp;

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். என் காது போனது போனதுதான், அதைத் தினமும் விசாரிக்க வேண்டியதில்லை. அண்ணியின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது.

உன் சேதியைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டேன். ஸ்டோரில் என் பக்கத்து மேஜைக்காரர், "கல்லு ஆவியாகுற சூட்டை உங்க தங்கச்சி இங்கேருந்தே கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்று வாயைப் பிளந்தார். நானே கண்டுபிடித்த மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டேன்.

படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே. தொலைநோக்கியில் இரண்டு டிடெக்டர்கள், இடது பாதியை ஒன்று அளக்கிறது, வலது பாதியை மற்றது அளக்கிறது என்று நீ முன்பு எழுதிய ஞாபகம். அப்படியானால் இரண்டு பாதியையும் ஒரே மட்டத்தில் நிறுத்தியது யார்? பாமரன் கேட்கிறேன், கோபிக்காதே. ஒரே கொதிகலனில் மாட்டிய இரண்டு பிரஷர் மீட்டர்கூட ஒரே மாதிரி காட்டாது. பதினான்கு வருஷம் கொதிகலன் அறையில் நின்ற புத்தி, வேறென்ன.

அந்த நிதானம் என்கிறவர் பிறகு என்ன சொன்னார்? அவர் கோடு ஏன் சப்பென்று வந்ததாம்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு பாதிகளையும் இணைப்பதற்கு முறை இருக்கிறது. மூன்று பேர் சரிபார்த்த கட்டுரை அது. பிரஷர் மீட்டர் வேறு, இது வேறு.

இந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை. அடுப்பை மறுபடி பார்க்கத் தொலைநோக்கியில் நாற்பது மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் முடிவை வைத்துத்தான். அண்ணிக்கு என் அன்பு.

வாலு

&nbsp;

ஏப்ரல் 25

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். உன் கடித உறையை அண்ணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவுதானா? மீதியை வழியிலே எலி தின்னுடுச்சா?" என்கிறாள்.

நான் தெரியாமல் எதையோ மிதித்துவிட்டேன் போலிருக்கிறது. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நீ இப்படித்தான் பதில் சொல்வாய், வெடுக்கென்று. நிதானம் என்ன ஆனார் என்று கேட்டேன், நீ அதைத் தொடவே இல்லை.

எழுத இஷ்டமில்லையென்றால் வேண்டாம். நன்றாகத் தூங்குகிறாயா என்று மட்டுமாவது எழுது.

உன் அண்ணன்

&nbsp;

மே 30

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதீர்கள். நான்தான் பயந்துபோயிருக்கிறேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே என் கணினி நிரலைத் திறந்து பார்த்தேன். கட்டுரை வரைவைக் கொடுக்க வேண்டிய நாளில் அவசரமாக ஒரு வரி எழுதியிருந்தேன். வலது டிடெக்டரின் எண்கள் கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகக் கண்ணுக்குப் பட்டது. அதனால் வலது பாதி முழுவதையும் மயிரிழை அளவு மேலே தூக்கினேன். பத்து லட்சத்தில் நாற்பது பங்கு, அவ்வளவுதான். பக்கத்திலேயே "தற்காலிகம், பிறகு முறையாகச் செய்யவும்" என்று என் கையாலேயே குறித்திருக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன். தூக்கிய எண்களைத்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். சரிபார்த்தவர்கள் பார்த்ததும் அதைத்தான். அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் மேடு இல்லை, அண்ணா. கல் ஆவி இல்லை. நிதானம் என் எண்களை எடுக்காமல் ஆரம்பத்திலிருந்து ஓட்டினார், அதனால் அவருக்குச் சப்பென்று வந்தது. அவர்தான் சரி.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "கவனமில்லாத வேலை" என்று சொல்லி அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். ஜூலையோடு வேலை முடிகிறது. அவரும் என்னைப் போல வெளிநாட்டுக்காரர், வேலை போனால் இந்த நாட்டில் தங்கவும் முடியாது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவில் ஒரு அலமாரிதான். அவர் கணக்கை மறுபடி மறுபடி ஓட்டுகிற விசைப்பலகைச் சத்தம் காலையிலிருந்து கேட்கிறது. தன் தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் நின்றாலும் பயமாக இருக்கிறது, நிற்காவிட்டாலும் பயமாக இருக்கிறது.

இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை நான். சொன்னால் எனக்கு இங்கே எதுவும் மிஞ்சாது. பேராசிரியர் ஊர் ஊராகப் போய் அந்த மேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். என்ன செய்யட்டும்? அண்ணியிடம் சொல்லாதீர்கள்.

வாலு

&nbsp;

ஜூன் 8

வாலு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். யாரிடமும் எதுவும் சொல்லாதே.

கேட்டாயா? யாரிடமும். அந்த வரியை அழித்துவிடு. எந்தக் கோளில் கல் ஆவி இருந்தால் யாருக்கு என்ன, இல்லாவிட்டால் யாருக்கு என்ன? யாரும் செத்துவிடப் போவதில்லை. அந்த மனிதர் வேறு வேலை தேடிக்கொள்வார், கெட்டிக்காரர். நீ வாயைத் திறந்தால் அதற்குப் பிறகு மூட முடியாது. முதல் ஒரு வருஷம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

அண்ணன்

&nbsp;

ஜூன் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அந்தக் கையெழுத்து உங்களுடையது மாதிரியே இல்லை, பாதி வரிகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. டம்ளரை உடைத்தால் காதைத் திருகி உண்மையை வாங்குகிற அண்ணனா இப்படி எழுதினார் என்று நாலு தடவை படித்தேன். "முதல் ஒரு வருஷம் கஷ்டமாக இருக்கும்" என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் சொன்னபடி செய்ய என்னால் முடியவில்லை. போன திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதி அச்செடுத்து, பேராசிரியர் வருவதற்காகக் காத்திருந்தேன். அப்போது நிதானம் என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மடிக்கணினியை என் காகிதத்தின் மேலேயே வைத்தார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. எனக்கும் வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"மேடுதான். பதினோரு புள்ளி சரியில்லாம இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. அதை எடுத்துட்டேன். இப்ப பாருங்க, அப்படியே உங்களோடது மாதிரியே நிக்குது."

பார்த்தேன். அப்படியே நின்றது. அந்தப் பதினோரு புள்ளிகளில் எந்தக் குறையும் இல்லை, அண்ணா. எங்கள் வேலையில் திருகுவதற்கு நூறு இடம் உண்டு. எந்தப் புள்ளியை விடுவது, எங்கே வெட்டுவது, எவ்வளவு வழவழப்பாக்குவது என்று திருகிக்கொண்டே போனால் வேண்டியது ஒரு நாள் வந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "இத்தனை மாசம் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

பேராசிரியர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு நீண்டுவிட்டது. அவர் தனிக் கட்டுரை எழுதுகிறார். என் தப்பு இப்போது இரண்டு பேர் தனித்தனியாகக் கண்ட உண்மை ஆகிவிட்டது.

காகிதம் என் பையிலேயே இருக்கிறது. இனி நான் சொன்னால் போவது நான் மட்டுமில்லை. இதற்கு முன் எனக்கு இருந்தது பயமே இல்லை என்று தோன்றுகிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலுக்கு,

ஏழு வாரம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன், இது ஐந்தாவது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். கொதிகலன் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்விட்டது என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒரே நாளில் போனது, பதினோரு வருஷத்துக்கு முன்.

கொதிகலனில் இரண்டு மீட்டர் இருந்தன. புதியது கொஞ்சம் அதிகமாகக் காட்டியது, பழையது குறைவாகக் காட்டியது. பழையதுதான் எனக்குப் பழக்கம். இரண்டும் வித்தியாசமாகக் காட்டினால் மேற்பார்வையாளர் கத்துவார் என்று புதியதின் முள்ளைத் திருகிப் பழையதோடு சேர்த்து வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. புதியதுதான் சரியாகக் காட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் காலை குழாய் வெடித்தது. எனக்குக் காது. குழாயும் வால்வும் பூட்டுகிற எங்கள் பிட்டருக்கு வலது கை.

விசாரணையில் அந்தப் பிட்டர்தான் பாதுகாப்பு வால்வைச் சரியாகப் பூட்டவில்லை என்று எழுதினார்கள். மீட்டரை யாரும் கேட்கவில்லை, இரண்டும் நொறுங்கிப்போயிருந்தன. எனக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவரை அனுப்பிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளிதான் இருக்கிறார். அவர் வீட்டைத் தாண்டாமல் இருப்பதற்காகத்தான் நான் தினமும் மார்க்கெட்டைச் சுற்றி வேலைக்குப் போகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூனில் நான் எழுதியது உனக்காக எழுதியது இல்லை. நீ சொல்லிவிட்டால், அப்புறம் நான் எந்த முகத்தோடு சொல்லாமல் இருப்பேன் என்ற பயத்தில் எழுதினேன். அதைக் கிழித்துவிடு. பழகிவிடும் என்பதும் பொய். எனக்குப் பழகவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்காதே. எனக்குத் தெரிந்திருந்தால் பதினோரு வருஷம் சுற்றி நடந்திருக்க மாட்டேன்.

உன் அண்ணன்

&nbsp;

செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். கோபமும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் என் அண்ணன்தான், அதில் ஒன்றும் மாறவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டேன்.

முதலில் நிதானத்திடம். காலை, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வரியைத் திரையில் காட்டினேன். என் குறிப்பையும் காட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப மேடு கிடையாதா?"

"கிடையாது. நீங்க முதல்ல போட்டதுதான் சரி. எல்லாம் என் தப்பு."

"என் பேப்பர் வெளிவர இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்றார். பிறகு, "அப்ப நான் பார்த்தேனே, அது என்ன?" என்று கேட்டார்.

பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "ரெண்டு பேரு தனித்தனியா பார்த்தீங்களே! ரெண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெறுகிறோம். டிசம்பரோடு நான் போக வேண்டும். நிதானம் முதலில் சரியாகச் செய்தார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அந்த நெருக்கடியில்தான் அப்படித் திருகினார் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அவர் விஷயத்தில் என்ன முடிவு என்று தெரியவில்லை. அது தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

வாலு

&nbsp;

அக்டோபர் 6

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். அண்ணியிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன், உன்னுடையதையும் என்னுடையதையும். உன்னுடையதற்கு அழுதாள். என்னுடையதற்கு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு காகிதத்தில் "அவர் கிட்ட எப்போ சொல்லப்போறீங்க?" என்று எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தெருமுனை வரை போகிறேன். அவர் வீட்டுக் கதவு பச்சை நிறம். பார்த்ததும் கால் நின்றுவிடுகிறது, திரும்பி வந்துவிடுகிறேன். போனால் மட்டும் என்ன ஆகிவிடும், கை முளைக்குமா என்று எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறேன்.

நீ செய்தது பெரிய காரியம். நிதானத்துக்கு வேலை நிலைத்ததா? அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ எழுதினால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

உன் அண்ணன்

&nbsp;

நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், சாப்பிடுகிறேன். அண்ணி உங்களோடு பேசுகிறார்களா?

நிதானத்துக்கு வேலை நிலைத்துவிட்டது. பிள்ளைகளும் அதே பள்ளியில் இருக்கிறார்கள். முதலில் சரியாகச் சொன்னவர் என்று, அடுப்பின் புதிய தரவை அலசும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசானது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தோடு நிறுத்தி உங்களுக்கு எழுதியிருந்தால் உங்களுக்குத் தைரியம் வந்திருக்கும். ஆனால் நேற்று நடந்ததையும் எழுதியாக வேண்டும்.

காலை பத்து மணி. புதிய தரவு வந்து, கணக்கு ஓடி முடிந்திருந்தது. ஒரு விசையைத் தட்டினால் வரைபடம் வரும். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். விசைமேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முன்பெல்லாம் யாராவது எட்டிப் பார்த்தால்கூட, "தள்ளுங்க, நான் முதல்ல பார்க்கணும்" என்று விரட்டுகிற மனிதர்.

"என்ன வரணும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"இல்ல, சும்மா சொல்லுங்க. மேடு வரணுமா, வரக் கூடாதா?"

"என்ன இருக்கோ அது வரட்டும்."

விசையைத் தட்டினார். வரைபடம் வந்தது. இடது பாதியும் வலது பாதியும் ஒரே மட்டத்தில், மார்ச்சில் நாங்கள் சிரித்தோமே, அதே சப்பென்ற கோடு. அவர் முதல் நாளே சொன்னது சரி என்று அந்தத் தொலைநோக்கியே வந்து சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. நான் சந்தோஷத்தில் அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அண்ணா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானே வரணும்?" என்றார். "மாத்தணும்னா சொல்லுங்க, மாத்திடலாம்."

மழைக்காலம் முடிகிறவரை காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றே அந்தப் பச்சைக் கதவைத் தட்டுங்கள். பதினோரு வருஷமாக, வால்வைத் தான்தான் சரியாகப் பூட்டவில்லை என்று நம்பிக்கொண்டு அந்த மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள்
வாலு